டெல்டாவின் உள்ளூர்களில் மின்வாகன சார்ஜிங் நிலையம்: அரசுப் பணமா, தனியார் முதலா?

பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று செல்லும் தேசிய நெடுஞ்சாலையிலும், கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டிக்குப் போகும் சாலையிலும் மின்சாரக் கார்களுக்கு விரைவு சார்ஜிங் வசதி ஓரளவுக்கு வந்துவிட்டது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் நிலைமை வேறு. வலங்கைமான், குடவாசல், வேதாரண்யம் பக்கம் மின்சாரக் காரில் வருகிறவர்கள், திரும்பிப் போகும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

எங்கள் ஊர் வணிகர்களிடையே இதுபற்றி இரு கட்சியாகப் பேச்சு நடக்கிறது. தெருவிளக்கையும் குடிநீரையும் போல இதையும் நகராட்சியோ மாநில அரசோ தன் செலவில் அமைத்துத் தர வேண்டும் என்கிறார்கள் சிலர். பெட்ரோல் பங்க்கை எந்த நகராட்சி நடத்துகிறது, வருமானம் தெரிந்தால் தனியார் தாமே வந்து முதல் போடுவார்கள், வரிப்பணத்தை ஏன் இதில் இறைக்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த, மின்வாகனங்களை ஊக்குவிக்கும் பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை மின்வாகன நகரங்களாகக் குறிப்பிட்டவை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறும்தான். காவிரியோடு கீழே வருகிற நமக்குத் திருச்சியோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது.

நெல் அறுவடையையும் கோயில் கூட்டத்தையும் நம்பி நடக்கிற சிறு நகரங்களுக்கு இந்த இரண்டில் எந்த வழி பொருந்தும்? மின்துறையிலோ தொழிலிலோ அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்) எழுதியது:

நான் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி டெல்டா மாவட்டங்களிலேயே கழிந்தது. உங்கள் ஊரில் இரு கட்சியாரும் சார்ஜிங் நிலையம் என்பதை ஒரே பொருளாக வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள் என்று தோன்றுகிறது. அதில் இரண்டு தனித்தனிச் செலவுகள் இருக்கின்றன. ஒன்று, வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் இயந்திரம். மற்றொன்று, அந்த இயந்திரம் வரை மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் 11 கிலோவோல்ட் பாதை, டிரான்ஸ்பார்மர், கேபிள் ஆகியவை. முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது. நம் பகுதியில் திட்டத்தை முடக்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

60 கிலோவாட் விரைவு சார்ஜர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து குதிரைத்திறன் பம்ப்செட் மோட்டார்கள் பதினாறு ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு பளுவோ அவ்வளவு பளு அது. கிராமத்து வாய்க்கால் ஓரத்தில் நாம் பார்க்கும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை அந்த ஒரு சார்ஜரே முழுவதுமாக விழுங்கிவிடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குறுவை நாற்றங்கால்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே நிற்கின்றன. அந்த வாரங்களில் மும்முனை மின்சாரத்துக்கு விவசாயிகள் காத்திருக்கும்போது, அதே மின்பாதையில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று முக்கால் மணி நேரம் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது என்றால், அந்த ஊரில் என்ன பேச்சு எழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே தனியாக டிரான்ஸ்பார்மர் வைத்தாக வேண்டும். அந்தச் செலவு விண்ணப்பதாரர் தலையில் விழுகிற இடங்களில் சிறு முதலீட்டாளர்கள் மதிப்பீட்டுத் தொகையைப் பார்த்த மாத்திரத்திலேயே பின்வாங்கிவிடுகிறார்கள்.

அரசுப் பணம் முதலில் இந்த மின்பாதைக்குத்தான் வர வேண்டும் என்பது என் திடமான கருத்து. சார்ஜர் வைத்த நிறுவனம் மூன்று ஆண்டுகளில் மூடிக்கொண்டு போனாலும், கம்பியும் டிரான்ஸ்பார்மரும் அங்கேயே இருந்து அரிசி ஆலைக்கோ புதிய குடியிருப்புக்கோ பயன்படும். இயந்திரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. தொடக்க ஆண்டுகளில் அரசு நிறுவனங்கள் பொதுப்பணத்தில் வாங்கி நிறுவிய ‘பாரத் டி.சி. 001’ வகை 15 கிலோவாட் சார்ஜர்களை நினைத்துப் பாருங்கள். அடுத்து வந்த கார்கள் எல்லாம் சி.சி.எஸ்.2 இணைப்புக்கு மாறிவிட்டதால், அந்த இயந்திரங்களின் கேபிளைப் புதிய கார்களில் செருகவே முடியாமல் போயிற்று. எந்தத் தொழில்நுட்பம் நிலைக்கும் என்று ஊகித்து முதல் போடுவது தனியாருக்கு உரிய துணிச்சல். அதை நகராட்சி நிதியில் செய்து பார்க்கக் கூடாது. பிஎம் இ-டிரைவ் வழிகாட்டுதல்களும் இந்தப் பிரிவினையை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கடைத்தெரு, வணிக வளாகம் போன்ற இடங்களில் மின்பாதைச் செலவில் 80 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும்; இயந்திரத்தை நிறுவுபவரே வாங்க வேண்டும்.

கடலோரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து, சேற்றில் இறங்கித் தோளில் கம்பம் சுமந்துதான் அந்தப் பாதைகளை மீட்டார்கள். அப்படிப்பட்ட இழப்பைத் தாங்கும் முதுகு சார்ஜிங் நிறுவனம் எதற்கும் கிடையாது.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

வெண்ணாற்றங்கரை ஐயா சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் விரைவு சார்ஜரை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதால் செலவு மலைபோலத் தெரிகிறது. நான் கும்பகோணத்தில் தங்கும் விடுதி நடத்துகிறேன். நவக்கிரகத் தலங்களுக்கு வருகிறவர்கள் திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருவெண்காடு என்று சுற்றிவிட்டு இரவு இங்கேதான் தங்குகிறார்கள். விடுதியின் பின்பக்கத்தில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் 7.4 கிலோவாட் ஏ.சி. (மாறுதிசை மின்) சார்ஜர்கள் நான்கை என் சொந்தப் பணத்தில் வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 59 யூனிட் கொடுக்கும். 40 யூனிட் பேட்டரி கொண்ட கார் விடிவதற்குள் நிரம்பிவிடுகிறது. நான்கும் சேர்ந்து ஓடினாலும் 30 கிலோவாட்டுக்குள் அடங்குவதால், புதிய டிரான்ஸ்பார்மர் எதுவும் தேவைப்படவில்லை. மானியமும் நான் கேட்கவில்லை. சார்ஜர் இருக்கிறது என்பதற்காகவே என் விடுதியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அறை வாடகையில் எனக்கு அது திரும்பி வருகிறது.

விரைவு சார்ஜரின் கணக்கு வேறு மாதிரியானது. ஒரு பேச்சுக்கு, மின்கட்டணம், வரி எல்லாம் போக யூனிட்டுக்கு 6 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 60 கிலோவாட் சார்ஜர் நாள் முழுவதும் ஓடினால் 1,440 யூனிட். அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 144 யூனிட். மாதம் 26,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். நூற்றில் மூன்று பங்கு மட்டும் ஓடினால் மாதம் 8,000 ரூபாயைக்கூடத் தொடாது. கடன் வட்டியும் காவலாளி சம்பளமும் அதற்குள் அடங்காது. நெடுஞ்சாலை ஓரத்தில் முதல் கணக்கு நடக்கலாம். உள்ளூரில் நடப்பது இரண்டாவதுதான். உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டு மின்சாரத்தில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும்போது, அவர்கள் ஏன் வெளியே வந்து அதைப்போல் பல மடங்கு விலை கொடுக்கப் போகிறார்கள்? ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் திண்ணையிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கு இருக்கும் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு நிலத்தில், முழு மானியத்தில் ஒருவர் நிலையம் அமைத்து, என்னைவிடக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினால், சொந்தப் பணம் போட்ட என்னைப் போன்றவர்கள் அடிபட்டுப் போவோம். அந்த நிலையம் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பழுதாகி நிற்கும்போது, ஊரில் இரண்டுமே இருக்காது. மகாமகம் 2028-இல் வருகிறது. அந்தக் கூட்டத்தைக் காட்டி இப்போதே பெரிய எண்ணிக்கையில் சார்ஜர்களை நட வேண்டும் என்று யாராவது சொன்னால், மறுமாதம் அவற்றில் யார் சார்ஜ் போடுவார்கள் என்று கேளுங்கள். அதுபோன்ற நாட்களுக்கு லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக ஏற்பாடே போதும்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில், சார்ஜ் ஏற்றித் தருவது மின்சாரத்தை விற்பது ஆகாது, அது ஒரு சேவை என்று விளக்கம் தந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் உரிமம் இல்லாமல் இதைச் செய்ய முடிகிறது. சேவை என்று ஆனதால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. மின்சார வண்டிக்கோ 5 விழுக்காடுதான். அந்த வரியைக் குறைத்தாலே எனக்கு எந்த மானியத்தைக் காட்டிலும் மேலான உதவியாக இருக்கும்.

கடுவையாறு (நாகப்பட்டினம்) எழுதியது:

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன்; வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு சவாரிகள்தான் அதிகம். யார் பணம் போட்டார்கள் என்பது ஓட்டுநருக்குத் தெரியாது, தெரிந்தும் ஆகப் போவது ஒன்றுமில்லை. போன இடத்தில் இயந்திரம் ஓடுகிறதா என்பதுதான் அவன் கவலை.

சாலையோர பங்க் ஒன்றில் ஒரு சார்ஜர் இருக்கிறது. எந்த நிறுவனத்தினுடையது என்று எழுத விரும்பவில்லை. செயலியில் அது ஓடுவதாக எப்போதும் பச்சையாகத்தான் காட்டும். சம்பா அறுவடை நேரத்தில் பயணிகளோடு அங்கே போனபோது, கார் நிற்க வேண்டிய கட்டம் முழுவதும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காரில் செருகும் சார்ஜர் கன்னின் வாயை யூரியா சாக்கால் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தார்கள். திரையில் ஏதோ பிழை எண் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பங்க் பையனைக் கேட்டால், அது தங்களுடையது அல்ல, கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனது என்றான். உதவி எண்ணில் பேசியவருக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நெல்லைக் காயவைத்தவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஓடாத இயந்திரத்தின் முன்னால் கிடக்கும் நல்ல சிமெண்ட் தளத்தை யார்தான் சும்மா விடுவார்கள்? அந்த இயந்திரம் நின்றுபோனதால் பணம் நட்டப்பட்டவர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. வைத்தவருக்கு வைத்த அன்றே பணம் வந்துவிட்டது போலிருக்கிறது. அரசலாறு விடுதியில் சார்ஜர் ஒரு நாள் நின்றால் அவருக்கு வாடிக்கையாளர் போய்விடுவார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மின்பாதைக்குப் பொதுப்பணம், இயந்திரத்துக்குத் தனியார் முதல் என்பது தெளிவாகப் புரிகிறது. என் ஐயம் இப்போது குறுகிவிட்டது. விடுதிகள் நிறைய உள்ள கும்பகோணத்தில் அரசலாறு செய்ததை, அந்த வசதி இல்லாத சிறு ஊரில் யாரும் செய்யப் போவதில்லை. அங்கே பேருந்து நிலையத்திலோ சந்தைத் திடலிலோ இடம் கொடுத்துத் தனியாரை அழைத்தால், அவர் நெடுஞ்சாலை இடத்தைத்தான் கேட்பார். உள்ளூர் இடத்தை ஏற்கமாட்டார். ஏற்றாலும் கடுவையாறு சொன்ன கதிதான் நேரும். இதை ஒப்பந்தத்தில் எப்படிக் கட்டுவது?

குடமுருட்டி (திருவையாறு) எழுதியது:

உள்ளாட்சித் தணிக்கையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நகராட்சியே நிலையத்தை நடத்த வேண்டாம். பேருந்து நிலையக் கழிப்பறையைக்கூடக் குத்தகைக்கு விட்டுத்தான் நடத்துகிறோம்; மின்னணுச் சாதனம் பழுதானால் பார்க்க ஆளும் இல்லை, உதிரிபாகம் வாங்க அவசர நிதியும் இல்லை. ஆனால் இடம் நகராட்சியின் கையில் இருக்கிறது, அதுவே அதன் பலம்.

இடத்துக்கு வாடகை கேட்டு ஏலம் விடும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். அதிக வாடகைக்கு எடுத்தவர் அதை யூனிட் விலையில் ஏற்றுவார், அல்லது ஆறு மாதத்தில் ஓடிவிடுவார். மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல்கள் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கின்றன: அரசு நிலத்தை, விற்கும் யூனிட் ஒன்றுக்கு 1 ரூபாய் பங்கு என்ற முறையில் அரசுத் துறை நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம், தனியாருக்கு அந்த 1 ரூபாயை அடிவிலையாக வைத்து ஏலம் விடலாம். விற்பனை நடந்தால்தான் நகராட்சிக்கு வருமானம் என்பதால், இயந்திரம் ஓட வேண்டும் என்ற அக்கறை இரு தரப்புக்கும் வருகிறது.

நீங்கள் கேட்ட உள்ளூர்ச் சிக்கலுக்கு நம் ஊர் மினிபஸ் முறையைப் பாருங்கள். ஏற்கெனவே பேருந்து ஓடும் தடத்தில் ஒரு சிறு பகுதியை அனுமதித்து, அதற்கு ஈடாகப் பேருந்தே போகாத கிராமத் தடத்தைப் பெரும்பகுதியாக ஏற்க வைத்துத்தானே அந்த அனுமதிச்சீட்டைக் கொடுக்கிறார்கள்? அதேபோல் திருவாரூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நல்ல இடம் வேண்டும் என்றால், குடவாசலிலும் வலங்கைமானிலும் ஒவ்வொன்று வைத்தாக வேண்டும் என்று மாவட்ட அளவில் சேர்த்துக் கட்டி ஒப்பந்தப்புள்ளி கோரலாம். தனித்தனி நகராட்சிகள் தனித்தனியாக அழைத்தால் இது நடக்காது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமோ மாநில நிறுவனமோ முன்னின்று செய்ய வேண்டும். உள்ளூர் இடங்களில் விழும் இழப்புக்கு எவ்வளவு குறைந்த ஆதரவுத் தொகை போதும் என்று கேட்கிறவருக்கு ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம்.

இப்படிச் சேர்த்துக் கட்டினாலும் சில இடங்களுக்கு ஆள் வரமாட்டார்கள் என்பதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். நார்வேயில் ஏனோவா என்ற அரசு நிறுவனம் முக்கியச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒரு விரைவு சார்ஜிங் நிலையம் என்று மானியம் கொடுத்தது. பெரும்பாலான தடங்களில் தனியார் வந்தார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த வடகோடிப் பகுதியான பின்மார்க் மட்டும் பின்தங்கிவிட, அதற்கென்று தனித்திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. நமக்கு வேதாரண்யமும் கோடியக்கரையும் பின்மார்க் ஆகலாம். அங்கெல்லாம் அரசே முழுச் செலவையும் ஏற்பதில் எனக்கு மறுப்பில்லை.

கடுவையாறு தொட்ட விஷயம்தான் இதில் தலையாயது. மானியத்தை இயந்திரம் நிறுவிய நாளோடு முடித்துவிடாமல், ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஐந்து ஆண்டுகளுக்குக் காலாண்டுதோறும் இயந்திரம் ஓடிய நேரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் 500 கோடி டாலர் ஒதுக்கிய நெடுஞ்சாலைச் சார்ஜிங் திட்டத்தில், ஒவ்வொரு முனையமும் ஆண்டில் 97 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். விதி நல்ல விதி. ஆனால் முதல் நிலையம் ஒஹாயோவில் திறக்கப்பட்டதே 2023 டிசம்பரில்தான். 2025 தொடக்கத்தில் ஆட்சி மாறியதும் திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டு வழக்கு வரை போயிற்று. அதே நாட்டில் டெஸ்லா 2012 முதல் தன் பணத்தில், தன் கார்களை விற்பதற்காக வைத்த நிலையங்கள் தடையின்றிப் பெருகின. இதைக் காட்டித் தனியார்தான் உயர்வு என்று சொல்பவர்கள், அந்த நிறுவனத்துக்குக் கார் விற்பனையில் கிடைத்த ஆதாயத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. அது அரசலாறு அறை வாடகையில் ஈடுகட்டும் கணக்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நகராட்சிப் பணத்தில் அமையும் விரைவு சார்ஜரால் பயன்பெறுகிறவர் யார்? பெரும்பாலும் வெளியூர்க் கார்க்காரர். உள்ளூரில் மின்சார ஆட்டோவும் சிறு சரக்கு வண்டியும் ஓட்டி, வாடகை வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாமல் இருப்பவர்களுக்கு 60 கிலோவாட் எந்திரம் எதற்கு? கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சார்ஜிங் முனைகளை ஆட்டோக்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் என்று வைத்தது. பராமரிப்பில் அங்கேயும் குறைகள் சொல்லப்பட்டன என்றாலும், பொதுப்பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் அவர்கள் எண்ணம் சரியானது. ஆட்டோ நிறுத்தத்தில் நான்கு சிறு முனைகள் என்பதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

அரசலாறு அவர்களுக்கு: அரசு நிலத்து நிலையம் என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கு மேல்வரம்பைப் போலவே கீழ்வரம்பும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்; உங்கள் அச்சம் நியாயமே. எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தால் ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வார்கள்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்) எழுதியது:

குடமுருட்டி எழுதியதோடு ஒரு நடைமுறைக் குறிப்பைச் சேர்க்கிறேன். மத்திய மின்துறை அமைச்சகத்திடமிருந்து 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல்களின்படி, காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய ஒளி நேரத்தில் பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கான கட்டணம் சராசரி விநியோகச் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்காகவும், மற்ற நேரங்களில் 1.3 மடங்காகவும் இருக்க வேண்டும். ஆட்டோக்கள் மதியம் ஓய்வாக நிற்கும் நேரமும் இந்த மலிவு நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போவதால், ஆட்டோ முனைகளுக்குப் பகல் விலையைத் தனியாக நிர்ணயிக்கும்படி ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன், உங்கள் பகுதி உதவிப் பொறியாளரிடம் அந்த டிரான்ஸ்பார்மரின் உச்சப் பளுவை எழுதி வாங்கிவிடுங்கள். ஆண்டுச் சராசரி வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே எடுத்த அளவு வேண்டும். 25 விழுக்காடாவது இடம் மிச்சமில்லாத டிரான்ஸ்பார்மர் என்றால், இடத்தை நூறு மீட்டர் தள்ளி வேறு டிரான்ஸ்பார்மருக்கு மாற்றுவது, புதிதாக ஒன்றுக்கு மதிப்பீடு போட்டுக் காத்திருப்பதைவிட விரைவில் முடியும். பேருந்து நிலையத்தில் மழைக்குத் தண்ணீர் தேங்கும் மூலை எது என்பதை அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டு, பீடத்தை அதற்கேற்ப உயர்த்தச் சொல்லுங்கள்.